மூன்று கொட்டை வாங்கிய கரடி

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்தக் கடைசியில் இருப்பவரும் நகர்ந்து வாருங்கள். இது சத்தமே இல்லாமல் நடக்கிற ஒரு தாயின் கதை. தூரத்தில் உட்கார்ந்தால் அவள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஒரு காட்டில், நட்டநடுவே பெரிய பாறை ஒன்று இருந்தது. பாறையின் வயிற்றில் ஒரு குடைவு. பத்துப் பன்னிரண்டு குட்டிகள் தாராளமாகப் படுக்கலாம். எந்த வெயிலும் உள்ளே எட்டிப் பார்க்காது. அதற்குக் குட்டிப்பாறை என்று பெயர்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனி பிறந்தால் ஓடை வற்றிவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுனைக்குப் போக வேண்டும். வெயில் ஏறும் முன்னால் கிளம்பினால் வெயில் சாயும்போதுதான் திரும்ப முடியும். கால் திடமாகாத குட்டிகள் அவ்வளவு தூரம் நடக்காது. அதனால் தாய்மார்கள் எல்லாரும் குட்டிகளைக் குட்டிப்பாறையில் விட்டுவிட்டுப் போவார்கள். வாசலில் காவலுக்கு ஒரு ஆள் இருக்கும். திரும்பி வரும்போது ஒவ்வொரு தாயும் அந்தக் காவல் ஆளுக்கு ஏதாவது கொண்டுவருவாள். ஒரு கிழங்கோ, ஒரு பழமோ, ஒரு வாய் இலுப்பைப்பூவோ.

பதினோரு கோடை அந்தக் காவலைப் பார்த்தது ஒரு கிழட்டு மிளாமான். மாசி மாதம் அது கண்ணை மூடிவிட்டது. காவலுக்கு ஆள் இல்லை.

ஓடையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு குட்டை. கொக்கு இறங்கி நின்றால் விரல் மட்டும் நனையும். இரண்டு நாள் தாங்கலாம். மூன்றாம் நாள் சேறுதான்.

இது செவனம்மாவுக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். செவனம்மா ஒரு சருகுமான். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். ஈர்க்குச்சி மாதிரிக் கால்கள். காய்ந்த சருகு மேல் நடந்தாலும் ஒரு சருகு இன்னொரு சருகிடம் சொல்லாது, அப்படி ஒரு நடை. அவளுக்கு ஒரே ஒரு குட்டி. பிறந்து ஒன்பது நாள். இரண்டு நாளாக அது பால் குடிப்பதை நடுவில் நிறுத்தி, அண்ணாந்து அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தது. தாய்க்குத் தண்ணீர் இல்லாவிட்டால் குட்டிக்குப் பால் ஏது?

சுனைக்குப் போயே ஆக வேண்டும். குட்டியை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான் கேள்வி.

காட்டுக்குப் பெரியவர் ஒரு காட்டெருமை. உடம்பு பெரியது, மனசும் பெரியது, யோசனைதான் மெதுவாக வரும். அது எல்லாரையும் பாறைக்கு முன்னால் கூட்டியது.

"காவலுக்கு ஆள் வேண்டும். எப்படிப் பார்த்து எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை," என்றது.

"எனக்குத் தெரியும்," என்று ஒரு குரல் வந்தது.

அது மைனா. போன வருடம் முழுக்க ஊருக்குள் ஒரு ஆபீஸ் ஜன்னல் மேல் கூடு கட்டியிருந்தது. அந்த ஆபீஸில் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவர்களிடமே கேட்கிற கேள்விகள் இருக்கும். அங்கே இருக்கிற ஒரு அம்மா அதை ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்பார். மைனா அத்தனையையும் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டது.

"மொத்தம் இருபது கேள்வி, மாமா," என்றது மைனா. "ஒவ்வொன்றுக்கும் எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்றில் ஒரு பதில் சொல்ல வேண்டும். நல்ல பதிலுக்கு ஒரு புங்கங்கொட்டை. யாருக்குக் கொட்டை அதிகமோ அவருக்கு வேலை."

"அவர்களைப் பற்றி அவர்களிடமேயா கேட்பது?" என்றது காட்டெருமை.

"அவர்களைப் பற்றி அவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்?"

காட்டெருமைக்கு அது நியாயமாகப் பட்டது.

வேலை கேட்டு வந்தவர்கள் மூன்று பேர்.

முதலில் மரநாய். பேச்சு வெல்லப்பாகு. வரும்போதே எல்லாத் தாய்மார்களுக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தது. இரண்டாவது மலைப்பாம்பு. அது வந்தது என்று சொல்ல முடியாது. பாறைக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தது, கூட்டம் அதைத் தேடி வந்தது. நாலு நாள் முன்னால் ஒரு காட்டுப்பன்றியை விழுங்கியிருந்தது. வயிற்றுக்கு நடுவில் பானையைக் கவிழ்த்த மாதிரி ஒரு மேடு.

மூன்றாவது மூக்காயி என்ற கரடி. வாயைத் திறந்தால் உள்ளதுதான் வரும், அதைத் தவிர வேறு எதுவும் வராது. முன்னங்காலில் ஆணி விழுந்து இப்போதெல்லாம் மரம் ஏற முடியாது. உட்கார்ந்த இடத்தில் நாலு இலுப்பைப்பூ கிடைத்தால் நல்லது என்று வந்திருந்தாள்.

மைனா தொண்டையைச் செருமிக்கொண்டது. ஆபீஸ் அம்மாவின் குரல் அப்படியே வந்தது.

"உங்களுக்குக் கோபம் வருமா?"

"ஒருபோதும் இல்லை," என்றது மரநாய். "கோபம் என்றால் என்ன என்று ஒரு தடவை என் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை."

ஒரு கொட்டை விழுந்தது.

"கொடுத்த வேலையைப் பாதியில் விட்டதுண்டா?"

"ஒருபோதும் இல்லை."

"அடுத்தவர் பொருள் மேல் ஆசை வந்ததுண்டா?"

"அக்கா," என்று மரநாய் கண்ணைத் தாழ்த்திக்கொண்டது, "வழியில் ஒரு கௌதாரி முட்டை கிடந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். பார்த்தால்கூட அதற்குக் கூச்சமாக இருக்குமே என்று."

கூட்டத்தில் இருந்த கௌதாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு தன்மையான பிள்ளை," என்று பக்கத்திலிருந்த முயலிடம் சொன்னது.

செவனம்மா மட்டும் மரநாயின் வாயைப் பார்க்கவில்லை. அதன் கண்ணைப் பார்த்தாள். அது கேள்வி கேட்கிற மைனாவைப் பார்க்கவே இல்லை. காட்டெருமையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தது. காட்டெருமைக்குப் பிடித்த பேச்சு வந்தால் காது முன்னால் விழும். பிடிக்காத பேச்சு வந்தால் பின்னால் போகும். மரநாய் பதிலை மெதுவாக ஆரம்பிக்கும், காது முன்னால் வந்ததும் ஒரே ஓட்டமாக முடிக்கும்.

இருபது கேள்வி, இருபது கொட்டை.

அடுத்து மலைப்பாம்பு.

"நீங்கள் சுறுசுறுப்பானவரா?"

"எப்... போதும்," என்றது மலைப்பாம்பு. அந்த ஒரு வார்த்தை முடிவதற்குள் மைனா இரண்டு எறும்பைக் கொத்தித் தின்றுவிட்டது. ஆனாலும் பதில் நல்ல பதில். கொட்டை விழுந்தது.

"கூட வேலை செய்கிறவர்களோடு ஒத்துப்போவீர்களா?"

"எப்போதும். யார் பக்கத்தில் வந்தாலும் அணைத்துக்கொள்வேன்."

"ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?"

"இதே இடத்தில்."

"விசுவாசம்," என்று காட்டெருமை தலையாட்டியது. அதற்கும் இருபது.

கடைசியில் மூக்காயி.

"உங்களுக்குக் கோபம் வருமா?"

"வரும்."

"எப்போதாவதா?"

"அடிக்கடி. அதுவும் பின்னாலிருந்து சத்தமில்லாமல் யாராவது வந்தால், யார் என்று பார்க்க மாட்டேன். அறைந்துவிடுவேன். அப்புறம்தான் பார்ப்பேன். பார்த்து வருத்தப்படுவேன்."

தாய்மார்கள் எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"கொடுத்த வேலையைப் பாதியில் விட்டதுண்டா?"

"தேன் வாசம் வந்தால் விட்டுவிடுவேன். இந்தக் காலோடு மரம் ஏற முடியாது, தெரியும். ஆனாலும் போய்க் கீழே நின்று மோந்து பார்ப்பேன். நான் சொன்னால் மூக்கு கேட்காது."

"உங்களுக்குச் சோம்பல் உண்டா?"

"உச்சி வெயிலில் தூக்கம் வரும். நிழல் இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்குப் போகிறவரைக்கும் தூங்குவேன். இடி விழுந்தாலும் தெரியாது."

"அம்மா, கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்," என்று மைனா குரலைத் தாழ்த்தியது. "இது வேலைக்கான கேள்வி."

"யோசித்தால் மாறிவிடுமா? தூக்கம் வரத்தானே செய்யும்?"

முயல் கொக்கரித்துச் சிரித்தது. மந்திகள் கிளையில் புரண்டன.

"அடுத்தவர் பொருள் மேல் ஆசை வந்ததுண்டா? குட்டி, முட்டை, இந்த மாதிரி?"

"எனக்கு எதற்குக் குட்டி? கறையான் இருக்கிறது, இலுப்பைப்பூ இருக்கிறது. குட்டியைத் தின்றால் வாயெல்லாம் மயிர்."

அதற்கு ஒரு கொட்டை கிடைத்தது. தனியாக இருக்கப் பயமா என்ற கேள்விக்கு, இல்லை என்றாள், அதற்கு ஒன்று. மூன்றாவது கொட்டை, இவ்வளவு தூரம் கால் வலியோடு வந்தாளே என்று மைனா பாவம் பார்த்துப் போட்டது. மொத்தம் மூன்று.

மூக்காயி அந்த மூன்று கொட்டையையும் மோந்து பார்த்தாள். தின்கிற பொருளும் இல்லை. ஓரமாகப் போய்க் காலை நக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

காட்டெருமை எழுந்தது.

"இரண்டு பேருக்கு இருபதுக்கு இருபது. என் வயசுக்கு இப்படி இரண்டு பேரை ஒரே நாளில் நான் பார்த்ததில்லை. ஒருவரை எடுத்து ஒருவரை விட மனசு வரவில்லை. இரண்டு பேருமே காவலுக்கு இருக்கட்டும்."

கூட்டத்துக்கு ஏக சந்தோஷம். கேட்டது ஒரு ஆள், கிடைத்தது இரண்டு.

செவனம்மா குடைவின் வாசலைப் பார்த்தாள். நாளைக் காலை அந்தக் குடைவுக்குள் அவள் குட்டி படுத்திருக்கும். வாசலில் ஒரு பக்கம் மரநாய், ஒரு பக்கம் மலைப்பாம்பு. பொய் என்று சொல்லலாம். சொன்னால், "நீ பார்த்தாயா?" என்பார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை, ஒரு காதைத் தவிர. அதுவும் பெரியவரின் காது. அதைப் பற்றிப் பெரியவரிடமே எப்படிச் சொல்வது?

குட்டி அவள் மடியை முட்டியது. அண்ணாந்து பார்த்தது.

"மாமா," என்றாள் செவனம்மா. "இரண்டே கேள்வி நான் கேட்கலாமா?"

"இருபதோடு முடிந்தது," என்றது மைனா. "ஆபீஸில் அவ்வளவுதான்."

"ஆபீஸில் இதெல்லாம் கேட்டால் நல்லா இருக்காதுதான். நான் காட்டுக்காரி. ஆசைக்குக் கேட்கிறேன்."

"கேட்கட்டும்," என்றது காட்டெருமை.

செவனம்மா இரண்டு பேரையும் பார்த்துப் பணிவாகக் கேட்டாள். "உங்களுக்குத் தூக்கம் வருமா?"

மரநாய் காட்டெருமையின் காதை ஒரு பார்வை பார்த்தது. "காவல் ஆளுக்குத் தூக்கமா?" காது முன்னால் வந்தது. "ஒருபோதும் இல்லை. பல் முளைத்த நாளிலிருந்து நான் தூங்கியதே இல்லை."

பகல் முழுக்கப் பலாமரப் பொந்தில் வால் மட்டும் வெளியே தொங்கத் தூங்குகிற ஆள் அது. கேட்டவர்கள் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எல்லாரும் ஆகா என்றார்கள்.

"நான் கண்ணை மூடியதே இல்லை," என்றது மலைப்பாம்பு. அது உண்மை. அதற்கு இமை கிடையாது.

"உங்களுக்குப் பசி, தாகம் உண்டா?"

"ஒருபோதும் இல்லை," என்றது மரநாய். "குட்டிகளின் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்."

"ஒருபோதும் இல்லை," என்றது மலைப்பாம்பு. அதுவும் அன்றைக்கு உண்மை. உள்ளே பன்றி இருக்கிறது. அந்த உண்மைக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுசு என்று செவனம்மா அந்த மேட்டைப் பார்த்து மனசுக்குள் எண்ணிக்கொண்டாள்.

பிறகு காட்டெருமை பக்கம் திரும்பினாள்.

"மாமா, இப்படிப்பட்டவர்கள் கிடைத்தது நம் பாக்கியம். இவர்கள் சொன்னது ஒரு வார்த்தைகூட வீணாகக் கூடாது. சொன்னபடியே வேலையை அமைத்துவிடலாமா?"

"அதுதானே முறை," என்றது காட்டெருமை. காது முன்னால் விழுந்தது.

"பசி இல்லை என்றார்கள். அதனால் நாங்கள் யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம்."

தாய்மார்களுக்கு நிம்மதி. கிழங்கு தோண்டுகிற வேலை மிச்சம். மரநாயின் மீசை ஒரு தடவை ஆடியது.

"தூக்கம் இல்லை என்றார்கள். அதனால் மாற்று ஆள் வேண்டாம். தாகமும் இல்லை. அதனால் வெளியே வரவே வேண்டியதில்லை. மாமா, நீங்கள் அந்த உருண்டைக் கல்லை வாசலில் தள்ளி வைத்துவிட்டால் சிறுத்தைகூட உள்ளே போக முடியாது."

"நல்ல யோசனை."

"கூட வேலை செய்கிறவர்களோடு எப்போதும் ஒத்துப்போவோம் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். அதனால் இரண்டு பேரும் உள்ளே ஒன்றாக இருக்கட்டும். இன்றைக்குக் குட்டிகள் வேண்டாம். புது இடம், அவர்கள் மட்டும் இருந்து பழகட்டும். நாளைக் காலையில் கல்லை நகர்த்திவிட்டுக் குட்டிகளை விடுவோம்."

மலைப்பாம்பு தலையை மெதுவாகத் திருப்பி, முதல் தடவையாக மரநாயை முழுசாகப் பார்த்தது. தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தது.

"நல்ல ஏற்பாடு," என்றது. "தம்பி முதலில் உள்ளே போகட்டும். நான் பின்னால் வருகிறேன்."

மரநாய் ஓரடி பின்னால் நகர்ந்தது. "அண்ணே, உங்களுக்குப் பசியே இல்லை என்றீர்களே?"

"இன்றைக்கு இல்லை, தம்பி. நாளைக்குள்ள பசியை நாளைக்குக் கேட்டால் சொல்கிறேன்."

காட்டெருமை கல்லை நோக்கி நடக்க ஆரம்பித்தது. கல் புரளுகிற சத்தம் கேட்டது.

"பெரியவரே," என்றது மரநாய், "இப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பக்கத்து மலையில் என் சித்தி இருக்கிறார்."

"உடம்பு சரியில்லையா?"

"இனிமேல்தான் சரியில்லாமல் போவார் என்று நினைக்கிறேன். நான் இப்போதே போனால்தான் சரியாக இருக்கும்."

"கொடுத்த வேலையைப் பாதியில்..." என்று மைனா ஆரம்பித்தது.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே," என்று சொல்லிக்கொண்டே மரநாய் புதருக்குள் போய்விட்டது. இருபது கொட்டையும் அப்படியே கிடந்தன.

மலைப்பாம்புக்குப் பெரிய ஏமாற்றம். "தம்பி வராவிட்டால் பரவாயில்லை," என்றது. "குட்டிகளோடும் ஒத்துப்போவேன்."

செவனம்மாவின் குட்டி தாயின் வயிற்றுக்கு அடியில் நுழைந்துகொண்டது.

"சந்தோஷம், அண்ணே," என்றாள் செவனம்மா. "நீங்கள் எப்போதும் சுறுசுறுப்பு என்று சொன்னீர்கள். செத்துப்போன மிளா நிழல் ஒரு சாண் நகரும்போதெல்லாம் பாறையை மூன்று சுற்றுச் சுற்றும். நீங்களும் அப்படியே சுற்றிவிடுங்கள். இப்போதே ஒரு மூன்று சுற்றுச் சுற்றினால் எல்லாரும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள்."

"மூன்றா?"

"மூன்றுதான்."

மலைப்பாம்பு பாறையைப் பார்த்தது. பாறை மிகவும் பெரியது. தன் வயிற்று மேட்டைப் பார்த்தது. "யோசித்துச் சொல்கிறேன்," என்று தலையைத் தரையில் வைத்தது. இன்றைக்கு வரைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது.

மைனாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"ஆபீஸில் இப்படியெல்லாம் செய்ய மாட்டார்கள். பதில் சொன்னால் அதோடு சரி. அப்புறம் அந்தத் தாளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்."

"அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டது காட்டெருமை.

"ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே வேலைக்கு ஆள் எடுப்பார்கள்."

செவனம்மா ஓரத்தில் உட்கார்ந்திருந்த கரடியைப் பார்த்தாள். மூக்காயி எழுந்து புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நில்லுங்கள். உங்கள் வேலையைப் பற்றி இன்னும் பேசவில்லை."

"எனக்கு மூன்று கொட்டைதானே?"

"கொட்டை கிடைக்காத உங்கள் பதில் அத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது."

"அவள் அறைவேன் என்றாளே," என்றது முயல். "உன் குட்டியை நீ விடு, கொழுந்தி. என் குட்டியை விடச் சொல்லாதே."

"பின்னாலிருந்து சத்தமில்லாமல் வந்தால் அறைவேன் என்றார். அதனால் சத்தம் போட்டுக்கொண்டு வருவோம். பாறையைச் சுற்றித் தேக்குச் சருகைக் குவித்துப் போடுவோம். வருகிற தாய் ஒவ்வொருத்தியும் சருகு நொறுங்க மிதித்து வர வேண்டும்."

"உச்சி வெயிலில் தூங்குவாளே?"

"அந்த நேரத்துக்கு மந்திகள் மரத்தில் இருக்கட்டும். எப்படியும் அந்த வெயிலில் அவர்கள் எங்கும் போவதில்லை, சும்மா பேன்தான் பார்க்கிறார்கள். சிறுத்தையோ பருந்தோ தெரிந்தால் கத்தட்டும்."

"இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்றாளே," என்றது கௌதாரி.

"இடிக்குத்தானே எழுந்திருக்க மாட்டார். ஒரு இலுப்பைப்பூவை மூக்கில் போட்டால்?"

மூக்காயி கொஞ்சம் யோசித்தாள். "எழுந்துவிடுவேன்," என்றாள்.

"தேன் வாசம் வந்தால்?" என்றது காட்டெருமை. இப்போது அதற்கே ஆர்வம் வந்துவிட்டது.

"வாசல் இரண்டு பக்கமும் நொச்சித் தழையைக் கட்டுகட்டாகப் போடுவோம், மாமா. அந்த நெடியில் தேனாவது ஒன்றாவது."

"நொச்சி போட்டால் எனக்குத் தும்மல் வரும்," என்றாள் மூக்காயி. "இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்."

"தும்முங்கள் அக்கா. கரடி தும்முகிற இடத்துக்கு எந்தச் சிறுத்தை வரும்?"

காட்டெருமை நெடுநேரம் அசைபோட்டது. கடைசியில், "சரி, இவள் சொன்னதையும் சொன்னபடியே அமைத்தாகிவிட்டது," என்றது. அன்றைக்கே சருகு வந்தது, நொச்சி வந்தது.

மறுநாள் விடியலில் தாய்மார்கள் குட்டிகளை விட்டார்கள். முயல் மூன்று தடவை திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனது. செவனம்மா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

சுனையில் வயிறு முட்டக் குடித்தாள். குடிக்கும்போதெல்லாம் காது பின்னாலேயே இருந்தது. வாய் நிறைய இலுப்பைப்பூவைக் கவ்விக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் தனியாகக் கிளம்பினாள்.

வழியில், குட்டிப்பாறைக்குக் கொஞ்ச தூரம் முன்னால், எதிரே யாரோ வருவது தெரிந்தது. மரநாய். ஒரு பக்கக் கன்னம் விளாம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. அதன் மேல் வரிசையாக நாலு கீறல். ஒரு காது மடங்கிப்போய்க் கிடந்தது. வால் தரையில் இழுபட்டது.

செவனம்மா நின்றாள். பூவைக் கீழே வைத்தாள்.

"முகத்துக்கு என்ன, தம்பி?"

"வாருங்கள் அக்கா. ஒன்றுமில்லை. பழகின மரம்தான். கால் வழுக்கிவிட்டது."

"சித்தி மரத்திலிருந்தா?"

"சித்தி மரத்திலிருந்துதான்."

"குட்டிப்பாறைப் பக்கம் போனீர்களா? பின்பக்கமாக, பாறை மேல் ஏறி?"

"ஒருபோதும் இல்லை," என்றது மரநாய். வீங்கிய கன்னத்தோடு அதை நேராகச் சொல்ல வரவில்லை, ஆனாலும் தன்மையாகச் சொன்னது. இந்தத் தடவை அது எந்தக் காதையும் பார்க்கவில்லை, பார்ப்பதற்கு நேரமும் இல்லை. திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே நொண்டி நொண்டிப் போய்விட்டது.

செவனம்மா பூவைக் கவ்விக்கொண்டு ஓடினாள். மரங்கள் விலகின. குட்டிப்பாறை தெரிந்தது. வாசலில் மூக்காயி இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு மலை மாதிரி. தும்மிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு மந்தியிடம், "யாரோ பாவம், பார்க்காமல் அறைந்துவிட்டேன், எந்தத் தாயோ தெரியவில்லையே," என்று புலம்பிக்கொண்டும் இருந்தாள். அவள் இடுப்புக்குப் பக்கத்தில் முயல் குட்டிகள் மூன்று. அதற்குப் பக்கத்தில், மேலே வெள்ளைப் புள்ளி வைத்த ஒரு சின்ன முதுகு. மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

செவனம்மா அப்படியே பாய்ந்திருப்பாள். சருகின் ஓரத்தில் அவள் கால் தானாக நின்றது.

பிறந்த நாளிலிருந்து அவள் ஒரு சருகைக்கூட நொறுக்கியதில்லை. அவள் அம்மாவும் நொறுக்கியதில்லை. அவர்கள் சாதியில் சத்தம் போட்டு நடந்தவர்கள் யாரும் பிள்ளை பெறுகிற வயசு வரைக்கும் இருந்ததில்லை. இப்போதும் அவள் குளம்பு சருகுக்கும் சருகுக்கும் நடுவில் இருக்கிற வெறும் மண்ணைத்தான் தேடியது.

அவள் அந்தக் காலைத் தூக்கினாள். தேக்குச் சருகிலேயே பெரிய சருகாகப் பார்த்து, ஓங்கி மிதித்தாள். சரக். அடுத்த காலைத் தூக்கினாள். சரக். வாய் நிறைய இலுப்பைப்பூவோடு, காட்டிலேயே சின்ன மான், ஒரு யானை மாதிரிச் சரக் சரக் என்று மிதித்துக்கொண்டு தன் குட்டியிடம் நடந்து போனாள்.

நீதி: தன்னிடம் குறையே இல்லை என்பவரிடம் குட்டியை விடாதே, தன் குறையைச் சொன்னவருக்கு அதற்கு ஒரு வழி செய்து, அவரிடம் விடு.